தண்ணி ஏறாத இடம்

இப்போதெல்லாம் எங்காவது வெள்ளம் வந்து வடிந்தால், முகாமில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்துப் படம் வரையச் சொல்கிறார்கள். டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் தரையில் உட்கார்ந்துகொண்டு, "இது என்னது, இது யாரு" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் பொறுமையாகக் கேட்கிறாள். என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "நீ சின்னப்பிள்ளையா இருக்கும்போது உங்க ஊர்லயும் வெள்ளம் வந்துச்சாமே, உன்னையும் வரையச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஏன் என்று நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். நம்மிடம் யார் எதைக் கேட்டார்கள்? சாப்பிட்டாயா என்றார்கள். சேட்டை பண்ணாமல் இருந்தாயா என்றார்கள். அதோடு சரி.

நம்மைப் பெற்றவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கே அறுபது நெருங்குகிறது. என் பிள்ளைகள் விஷயத்தில் நான் செய்த கோளாறுகளை அவர்களைக் கேட்டால் பட்டியல் போடுவார்கள். ஆனால் ஐந்து மாதம் ஒரு பூட்டிய வீட்டுக்குள் இருந்ததைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை. நாகலாபுரத்துக்குத் தெற்கே கரிசல்காட்டுக்குள் இருந்தது எங்கள் ஊர். மழை என்றால் சந்தோஷப்பட மட்டுமே தெரிந்த ஊர். மூன்று நாள் விடாமல் பெய்தபோதும் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நாலாம் நாள் மத்தியானம் கண்மாய்க் கரை கசிகிறது என்று அப்பாவும் மற்ற ஆண்களும் மண்வெட்டியும் சாக்குமாகப் போய்விட்டார்கள். ஊருக்கு வெளியே தொழுவில் எங்கள் உழவு மாடுகள் இரண்டும் கட்டிக் கிடந்தன. அவற்றை அவிழ்த்துவிட அம்மா கிளம்பினாள்.

"பாப்பா தூங்குதா. தொட்டில விட்டு நகராத, என்னட்டி? இந்தா வந்துருதேன்."

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு. தொட்டிலில் கிடந்த தங்கச்சிக்குப் பத்து மாதம்.

அம்மா போன கொஞ்ச நேரத்தில், "கண்மாய் மறுகால் பாயுது!" என்று கத்திக்கொண்டு தெருப்பிள்ளைகள் ஓடினார்கள். கண்மாய் நிறைந்து வழிவதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. "ஏலே, பாப்பாவப் பாத்துக்க. ஒரே ஓட்டம், பாத்துட்டு வந்துருதேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நானும் ஓடினேன்.

நான் வடக்குக் கரையில் நின்றுகொண்டிருந்தபோது தெற்குக் கரை உடைந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரச்சாக்கைக் கிழித்த மாதிரி இருந்தது. எனக்கும் ஊருக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர் ஓடியது. வைக்கோல் படப்புகள் உடையாமல் அப்படியே மிதந்து போயின. ஒன்றின் மேல் ஒரு சேவல் நின்றுகொண்டு போனது. அந்தச் சேவலைப் பார்த்து நானும் மற்ற பிள்ளைகளும் கைதட்டினோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது ஒரு மணி நேரம் இருக்கலாம். வீட்டுக்குள் தானியம் போட்டுவைக்கும் குலுக்கை ஒன்று, ஆள் உயர மண்கூடு, மூலையில் இருந்தது. தம்பி அதன் மேல் ஏறி விட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனை அங்கேயிருந்து பிரித்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பாப்பாவைத் தொட்டிலிலிருந்து எடுத்தார்கள்.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. "பிள்ளைக முன்னால அந்தப் பேச்சை எடுக்கப்படாது. எடுக்காம இருந்தா மறந்துரும்" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தொட்டில் சேலையும் கம்பும் கிலுகிலுப்பையும் ஒரே நாளில் காணாமல் போயின. வெள்ளம் கொண்டுபோனது பாதி, அப்பா கொண்டுபோனது பாதி. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. அம்மா அதன் மேல் சுண்ணாம்பு அடித்தாள். காய்ந்ததும் கோடு மறுபடி தெரிந்தது.

துக்கத்துக்கு வந்திருந்த பெரியப்பா வாசலில் நின்று, "ஒரு ஆம்பளப் பய பக்கத்துலயே இருந்தும் இப்படி ஆயிட்டே" என்றார். தம்பி அங்கேதான் நின்றான். நானும் நின்றேன். அவனைத் தனியே விட்டுவிட்டுப் போனது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை.

அம்மாவுக்கு அந்த ஊரில் இருக்க முடியவில்லை. தொழுப் பக்கமே போகமாட்டாள். மாடுகள் இரண்டும் பிழைத்துவிட்டன. அவை தெருவில் வரும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். பயந்திருக்கிறாள், இடம் மாறினால் சரியாகும் என்றார்கள். எங்கள் நிலத்தில் முழங்கால் அளவு மணல் மேவிக் கிடந்தது. அதை அள்ள அப்பா ஊரில் தங்கினார். அம்மாவையும் எங்கள் இருவரையும், கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், அழைத்துவந்து ஒரு வளவில் குடிவைத்தார். பொதுவான ஒரு முற்றம், சுற்றி ஆறு வீடு, ஒவ்வொன்றும் ஒரே அறை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற வேலை, மருந்தில் தோய்க்கக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக வைக்கிற வேலை, கிடைத்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே எல்லாரும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது அம்மா எங்கள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டினாள்.

"எதுக்கும்மா பூட்டுத?"

"சாயங்காலம் வந்துருவேன். சன்னல் கிட்ட நில்லுங்க, காத்து வரும்."

பக்கத்து வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். சொந்தமில்லை. அம்மாவை அவள் மைனி என்று கூப்பிட்டதால் எங்களுக்கு அத்தை. அவள் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை, அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை. பூட்டைப் பார்த்துவிட்டு அவள் ஓடிவந்தது உள்ளே எங்களுக்குக் கேட்டது.

"மைனி, என்ன வேலை பாக்குதீக? ஆத்திர அவசரம்னா பிள்ளைக என்ன செய்யும்? சாவியவாது எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நான் பாத்துக்கிட மாட்டனா?"

"இனிமே ஒருத்தர் பொறுப்புல பிள்ளைகள விட்டுட்டுப் போகமாட்டேன்மா" என்றாள் அம்மா.

கதவுக்கு உள்ளே நின்ற எனக்கு அது எனக்காகச் சொன்ன வார்த்தை என்று பட்டது. அப்போதிலிருந்து அந்தப் பூட்டு எனக்கு வந்த தண்டனை என்றும், தம்பி பாவம், எனக்காக அவனும் உள்ளே கிடக்கிறான் என்றும் நினைத்தேன். நினைத்தேனே தவிர அவனிடம் அன்பாக இருந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த அறை இன்றும் எனக்கு வாசனையாகத்தான் நினைவு வருகிறது. மைதாப் பசையின் புளித்த வாசனை. வீட்டிலிருந்தே ஒட்டிக் கொடுக்க ஆபீஸிலிருந்து தீப்பெட்டிக்குச் சீவிய மரச்சில்லும் தாளும் வரும். பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், பிள்ளைகள் பசிக்கு எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்று. என் விரல்நுனிகள் எப்போதும் நீலமாக இருந்தன. ஓட்டுக்கூரை மாசி மாதமே காயத் தொடங்கிவிட்டது. ஒரு மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணம், அதிலிருந்து தெருச் சாக்கடைக்கு, வாறுகாலுக்கு, போகும் ஒரு ஓட்டை. மற்றொரு பக்கம் கம்பி போட்ட சின்னச் சன்னல். சன்னலுக்கு எதிரே இரண்டு சுவர்கள், அவற்றின் இடையில் ஒரு கை அகலத்துக்குக் கதிரேசன் மலை தெரியும்.

அந்தக் கை அகல மலையை வைத்துத்தான் எங்களுக்கு நேரம் தெரியும். வெயில் பாறையின் இந்தப் பக்கம் இருந்தால் காலை. அந்தப் பக்கம் போய்விட்டால் அம்மா வரப்போகிறாள்.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. இந்த வருசம் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தம்பி தரையில் படுக்கமாட்டான். ட்ரங்குப் பெட்டியின் மேல் சுருண்டு படுப்பான். பகலில் மாடக்குழியில் கால் வைத்து ஏறிச் சன்னல் கம்பியில் தொங்குவான். பெட்டி மேல் பெட்டி வைத்து அதற்கு மேல் உட்கார்ந்துகொள்வான். ஆறு வயதுப் பையன் தினமும் பாயை நனைத்தான். மாமா ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும்போதெல்லாம் அவன் எதன் மேலாவது ஏறித்தான் இருப்பான்.

"குரங்கு மாதிரி என்னலே ஏத்தம்? இறங்குலே கீழ!" என்று காலைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைப்பார். "ஏ பிள்ள, நீ செல்லம் குடுத்துக் கெடுக்குத. இப்பவே கண்டிச்சு வளக்கணும். பொட்டப்பிள்ளையப் பாரு, எவ்வளவு பொறுப்பா இருக்கா. அழுதாளா? கொண்டாளா?"

ஆமாம். நான் அழவில்லை. அந்த ஐந்து மாதத்தில் ஒருதடவைகூட அழவில்லை. வீட்டைப் பெருக்கி, தம்பிக்குத் தலைசீவி, அம்மா வருவதற்குள் கட்டுக்கட்டாகப் பெட்டி ஒட்டி வைத்துவிடுவேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். கெட்டிக்காரி என்ன செய்தாள் தெரியுமா? தினமும் தம்பியைத் தொடையின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் கிள்ளினாள். அவன் அந்த நாளைப் பற்றி வாய் திறந்துவிடுவானோ என்ற பயம் எனக்கு. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கிள்ளியதைப் பற்றியும் சொல்லவில்லை. சேட்டைக்காரன் என்று அவனை அடித்தவர்கள் ஒருவர்கூட, இந்தப் பெண் ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

அவன் ஒரு விளையாட்டு வைத்திருந்தான். குச்சி அடுக்குகிற உள்பெட்டி இருக்கிறதல்லவா, அதன் இரண்டு முனையிலும் நூல் கட்டி ட்ரங்குப் பெட்டியின் கைப்பிடியில் தொங்கவிடுவான். கீழே ஈயப் போணி, அகலமான பாத்திரம். பெட்டிக்குள் ஒரு துணிச்சுருள். டம்ளரால் போணியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவான். தண்ணீர் ஏறி ஏறிப் பெட்டியைத் தொடப்போகிற இடத்தில் நிறுத்திவிடுவான். "ம்" என்பான். பிறகு எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒருநாள் முழுக்க இதையே செய்வான். ஒருதடவைகூட அவன் பெட்டியை நனையவிட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவன் டம்ளரும் கையுமாக இருந்தான். தொங்குகிற பெட்டியை அம்மா பார்த்தாள். போணியைப் பார்த்தாள். அவள் முகம் என்ன ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளக்குமாற்றை எடுத்து அவனை அடித்தாள். "எந்த வாய் இதைச் சொல்லிக் குடுத்துச்சு? எந்த வாய்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவன் மறுபடி ட்ரங்குப் பெட்டியின் மேல் ஏறிக்கொண்டான். மறுநாள் அம்மா போணியை அத்தை வீட்டில் கொடுத்துவிட்டாள்.

பேயோட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போக வேண்டும் என்றார் மாமா. தண்ணீரில் போன பிள்ளை இவனைப் பிடித்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதற்கு மட்டும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கோடாங்கி வாயில் என்ன வந்துவிடுமோ என்று அவள் பயந்தது எனக்கு அப்போது தெரியாது. அவன் கையில் ஒரு தாயத்து மட்டும் ஏறியது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எட்டயபுரம் பஸ்ஸில் வந்தார். எங்களை மலைக்குக் கூட்டிப்போனார். வெளியே நடந்து பழக்கம் விட்டுப்போய் எனக்குக் கால் வலித்தது. தம்பி ஒரே மூச்சாகப் படிகளில் ஏறினான். மேலே கோயில் மண்டபத்தில் நின்று ஊரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கூரைகள், மில் புகைபோக்கி, அதற்கு அப்பால் தரிசாகக் கிடந்த கரிசல். இறங்கச் சொன்னபோது தூணைப் பிடித்துக்கொண்டான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு தினமும் சன்னலில் நின்று கேட்பான்.

"அக்கா, அங்கன தண்ணி ஏறுமா?"

"ஏறாதுலே. பேசாம இரு."

"எவ்வளவு பேஞ்சாலும் ஏறாதா?"

"ஏறாது, ஏறாது, ஏறாது. போதுமா?"

சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மத்தியானம் இரண்டு மணி. வெயில் திடுக்கென்று அணைந்தது. சன்னலில் மலை காணாமல் போனது. கோடைமழை. நமக்குத்தான் தெரியுமே, அரைமணி நேரம் அடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி போய்விடுகிற மழை. அந்த அரைமணியில் தெருவே வாறுகாலாகிவிடும்.

தம்பி சத்தமில்லாமல் ட்ரங்குப் பெட்டி மேல் ஏறினான். நான் பெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தேன். கையில் பசை. அங்கணத்து ஓட்டையிலிருந்து ஒரு களகளப்பு. வாறுகால் நிரம்பிக் கறுப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் ஒரு கை அகலம். பிறகு தாள்கட்டைத் தொட்டது. பிறகு என் கால் கட்டைவிரலைத் தொட்டது.

கத்தியது அவன் இல்லை. நான்.

அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். தலையால் முட்டினேன். அம்மா அம்மா என்று கத்தினேனா, வேறு என்ன கத்தினேன், நினைவில்லை. கணுக்கால்கூட நனையாத தண்ணீர் அது. ஆனால் கதவு திறக்கவில்லையே! ஐந்து மாதமாக அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அது திறக்காது என்பது அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

அத்தை மழைக்குள் ஓடிவந்தாள். "இரு தாயி, இரு, இந்தா திறந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே அம்மிக்குழவியால் பூட்டுத் தொங்கிய கொண்டியை இடித்தாள். நாலாவது இடியில் கொண்டி பிய்ந்தது. நான் அவள் மேல் விழுந்தேன். பல் கட்டிப்போனது. அவள் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய், தலையைத் துவட்டி, பல்லுக்கு நடுவே கரண்டியை விட்டுத் தண்ணீர் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் அழ ஆரம்பித்தேன். ஐந்து மாத அழுகை. நிற்கவே இல்லை. அவள் என்னை விடவும் இல்லை.

மழை தூறலானபோதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"எங்க, எம் பிள்ளைய எங்க?"

வாசலில் மழைத்தண்ணீரை அளைந்துகொண்டிருந்த அவளுடைய குழந்தையைக் காணோம். தம்பியையும் காணோம்.

வளவுக்கு வெளியே மூடியில்லாத வாறுகால், இடுப்பளவு ஆழம். அது சுழித்துக்கொண்டு ஓடியது. அத்தை அதைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. இரண்டு மூன்று ஆண்கள் மூங்கில் கம்பை எடுத்துவந்து வாறுகாலுக்குள் விட்டுத் துழாவினார்கள். "அந்தப் பய கிறுக்குப் பயல்லா. பிள்ளைய உள்ள தள்ளிட்டு ஓடிட்டானோ?" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

மழை என்றால் ஆபீஸில் குச்சி காயாது, வேலை விட்டுவிடுவார்கள். அம்மா நனைந்துகொண்டு தெருமுனையில் திரும்பினாள். பிய்ந்த கொண்டி, கும்பல், வாறுகாலுக்குள் கம்பு. அவள் ஓடவில்லை, கத்தவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வோர் அடியாக வந்தாள்.

அவன் எங்கே என்று எனக்குத் தெரியும். குழந்தையைக் காணோம் என்ற அந்த நொடியிலேயே தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. சொல்லி, அங்கே போய்ப் பார்த்து, அங்கேயும் இல்லையென்றால்? ஒருமுறை கண்மாய்க் கரையில் போய் நின்றுவிட்டுத் திரும்பியபோது என்ன கிடைத்தது என்று எனக்குத்தான் தெரியுமே.

அம்மா என் தோளைப் பிடித்தாள். "எங்கட்டி?" என்றாள்.

"மலைக்குப் போயிருப்பான்மா. அங்கன தண்ணி ஏறாதுன்னு நான் சொல்லியிருக்கேன்."

ஓடினோம். அம்மா, நான், பின்னால் அத்தை. செருப்பு எங்கே போனதென்று யாரும் பார்க்கவில்லை. படிகளில் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டு ஏறினோம். பாதியில் அத்தை படியில் கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்தாள்.

மேலே மண்டபத்தில், தூணில் முதுகைச் சாய்த்து அவன் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றிக் குழந்தைக்குச் சுற்றியிருந்தான். அவள் அவன் கையில் இருந்த தாயத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். அத்தை ஒரே பாய்ச்சலில் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு கை, கால், தலை என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

அம்மாவின் கை ஓங்கியிருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கணக்கு சரியாகப் போட்ட பையன் சிலேட்டைக் காட்டுகிற மாதிரி அம்மாவைப் பார்த்தான்.

"தொட்டில்ல இருந்துதாம்மா தூக்க முடியல. எனக்கு எட்டல. இது தரையில இருந்துச்சு. தூக்கிட்டேன்."

கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. "எந்தத் தொட்டில் மைனி?" என்று அத்தைதான் கேட்டாள். வளவில் யாருக்கும் நாங்கள் சொன்னதில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். அவள் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். அழுது அழுது இளகிப்போயிருந்தேனோ என்னவோ.

"நான்தாம்மா விட்டுட்டுப் போனேன். கண்மாய் பாக்கப் போனேன். தம்பி மேல தப்பில்லம்மா."

"தெரியும்ட்டி" என்றாள் அம்மா. "கரையில நீ நின்னதைப் பாத்தவிய அன்னைக்கே சொல்லிட்டாவ."

"அப்பம் ஏம்மா என்னை அடிக்கல?"

"உன்ன அடிச்சா என்னை யாரு அடிக்க?" என்றாள். "ஒரு மாட்டை அவுத்துட்டேன். தண்ணி வார சத்தம் கேக்குது. வீட்டுக்கு ஓடியிருக்கணும். இன்னொண்ணையும் அவுத்துட்டுப் போவோம்னு நின்னேன். முடிச்சு நனைஞ்சு இறுகிக் கிடந்துச்சு. அதைப் பிரிச்சுக்கிட்டு நின்னேன். உங்க அப்பாட்டகூட நான் சொல்லல."

சொல்லிவிட்டுத் தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூன்று பேர் ஒரே அறைக்குள் கிடந்தோம். மூன்று பேரும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் மற்றவரைத் தெரியவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு மூச்சு முட்டுவது அந்தக் கதவாலோ பூட்டாலோ இல்லை, இதனால்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மறுநாள் மாமா வந்து, "இவ்வளவு நடந்தும் பையனை அவுத்து விட்டுருக்க. ஆர் பிள்ளையத் தூக்கிட்டு எங்க போவானோ" என்று கத்தினார். "போகட்டும்ணே, திரும்பி வருவான்" என்றாள் அம்மா. அண்ணனை அவள் எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். ஜூன் மாதம் எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். தம்பி பாயை நனைப்பது நிற்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. நான் எதற்கும் அழுகிற பெண்ணாகிப்போனேன். கெட்டிக்காரி என்று அதன்பிறகு யாரும் சொல்லவில்லை. அம்மா அப்பாவிடம் எப்போது சொன்னாள், சொன்னாளா என்பது தெரியாது. அந்த மாடுகள் இருந்தவரை அவள் ஊருக்குப் போய்த் தங்கவில்லை.

நான் சொல்லவந்தது அந்த மழைக்குப் பிறகு வந்த ஒரு காலைப்பொழுது. மலையிலிருந்து இறங்கியதிலிருந்து அத்தை எங்களிடம் பேசவில்லை. கோபமா, பயமா தெரியவில்லை. கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். வளவுப் பெண்கள் தம்பியைக் கண்டால் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது பூட்டு இல்லாமல் கதவு திறந்திருந்தும் அந்தப் படியைத் தாண்டமாட்டான்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். பெண்கள் எல்லாரும் குடங்களோடு ஓடினார்கள். அம்மா வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். அத்தை ஒரு கையில் இரண்டு குடம், இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். நாலு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து தம்பியின் முன்னால் நின்றாள்.

"ஏலே, இவள வச்சிரு. நான் தண்ணி பிடிச்சுட்டு வாரேன்."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். "வேண்டாம் அத்த."

"ஏன்?"

"தண்ணி வந்துட்டுன்னா?"

குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். அத்தை அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டுன்னா தூக்கிட்டுப் போ. எங்க போகணும்னுதான் உனக்குத் தெரியும்லா? நான் அங்கன வந்து வாங்கிக்கிடுதேன்."

குழந்தையை அவன் மடியில் உட்காரவைத்துவிட்டு, குடங்களை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பின்னால் இருந்த கைகள் மெல்ல முன்னுக்கு வந்தன. குழந்தையின் வயிற்றைச் சுற்றிக் கோத்துக்கொண்டன.

அத்தை குழாய்க்கும் வீட்டுக்குமாக நாலு நடை நடந்தாள். அவ்வளவு நேரமும் அவன் அசையவில்லை. குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தாள். தாடையைக் கடித்தாள். கடைசியில் அவன் மடியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். நிக்கரிலிருந்து கால் வழியாகப் படியில் வழிந்தது. அப்போதும் கோத்த கையை அவன் பிரிக்கவில்லை.

ஆபீஸுக்கு நேரமாகியும் போகாமல் நின்ற அம்மா குனிந்து, "குடுலே, நான் கழுவி விடுதேன்" என்று கையை நீட்டினாள்.

"இரும்மா" என்றான். "அத்த வந்து வாங்கிக்கிடட்டும்."